ஜான் மன்னர் காசு என்று வாங்கினேன், ஹென்றி பெயர் இருக்கிறது

வாசகர் கேள்வி, 9 நவம்பர்

நாணயச் சந்தையில் "கிங் ஜான் பென்னி" என்று சீட்டு எழுதி வைத்திருந்த வெள்ளிக் காசு ஒன்றை வாங்கினேன். மேக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்தில் முத்திரை வைத்த அதே ஜான். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், தலையைச் சுற்றி "ஹென்ரிகஸ் ரெக்ஸ்" என்று இருக்கிறது. ஜான் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் படுகிறது. திருப்பிக் கேட்டால் பணம் தருவார்களா?

9 நவம்பர், இரவு

திருப்பிக் கொடுக்காதீர்கள். ஜான் பெயர் இருந்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

1180-ல் இரண்டாம் ஹென்றி புதுக் காசு அடிக்க உத்தரவிட்டார். முன்பக்கம் செங்கோலோடு ஒரு தலை, பின்பக்கம் இரட்டைக் கோட்டில் ஒரு குட்டைச் சிலுவை. அவர் 1189-ல் இறந்தார். ரிச்சர்ட் வந்தார், காசு மாறவில்லை. 1199-ல் ஜான் வந்தார், மாறவில்லை. 1216-ல் ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி ஒன்பது வயதில் பட்டத்துக்கு வந்தபோது, பெயர் தற்செயலாக மறுபடி பொருந்திவிட்டது. 1247 வரை இதே கதை. 67 வருடம், நான்கு ராஜாக்கள், ஒரே "ஹென்ரிகஸ் ரெக்ஸ்". இங்கிலாந்தில் அடித்த காசில் ரிச்சர்ட் பெயரும் கிடையாது, ஜான் பெயரும் கிடையாது.

ரிச்சர்ட் பெயர் வேண்டுமென்றால் பிரான்ஸிலுள்ள புவாட்டூ வட்டாரத்துக் காசு வாங்க வேண்டும். ஜான் பெயர் வேண்டுமென்றால் அயர்லாந்துக் காசு: முக்கோணத்துக்குள் முகம், சுற்றி "யோஹான்னஸ் ரெக்ஸ்", பின்பக்கம் டப்ளினில் அடித்த ராபர்டின் பெயர். அழகான காசு, ஆனால் அது வேறு செலவு.

ஏன் மாற்றவில்லை என்றால், என் எண்ணம் இது. 1180-க்கு முன்பு புழங்கிய ஹென்றி காசுகளைப் பார்த்திருக்கிறீர்களா? டீல்பி வகை என்பார்கள். வெள்ளி சுத்தம், எடை சரி, ஆனால் அடித்த லட்சணம் இருக்கிறதே! பாதி எழுத்து காசுக்கு வெளியே போயிருக்கும், முகம் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருக்கும். 1180-ல் டூர்ஸ் நகரத்திலிருந்து பிலிப் எய்மரி என்பவரைக் கூட்டிவந்து காசை ஒழுங்குபடுத்தினார்கள். (அவர் மேலேயே மோசடிக் குற்றச்சாட்டு வந்து ஊருக்கு அனுப்பப்பட்டார், அது தனிக் கதை.) அந்தக் காசு ஐரோப்பா முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் காசாகிவிட்டது. நன்றாக ஓடுகிற கடைக்கு யார் போர்டை மாற்றுவார்கள்?

10 நவம்பர்

எல்லோரும் தலைப்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுகிறீர்கள். பின்பக்கத்தைப் போடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும், ஃபிளாஷ் வேண்டாம்.

11 நவம்பர்

படம் வந்தது, நல்ல படம். எப்படிப் படிப்பது என்று விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

பின்பக்கத்தில் பெரிய சிலுவையின் நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளிகள் சேர்ந்த குட்டிச் சிலுவை தெரிகிறதா? அதை விடுங்கள். ஓரத்தில் எழுத்து ஓடுகிற வளையத்தில் தனியாக இன்னொரு சின்னச் சிலுவை இருக்கும். அங்கேயிருந்து வலப்பக்கமாகப் படியுங்கள். உங்கள் காசில் "ஆன்ட்ரெயு ஆன் வி". அதாவது வின்செஸ்டரில் ஆன்ட்ரூ அடித்தது. நடுவில் வரும் "ஆன்" என்பதில் உள்ள ஓ, என் இரண்டு எழுத்தையும் முதலில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முன்னால் ஆள், பின்னால் ஊர்.

இனி எந்த ராஜா என்பது. இந்த 67 வருடக் காசுகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாரன்ஸ் என்பவர் எட்டு வகுப்பாகப் பிரித்தார். முகத்தையும் தலைமுடிச் சுருளையும் எழுத்து வெட்டிய விதத்தையும் வைத்து. முதல் வகுப்பில் வழக்கமாக இடது காதருகே இரண்டு சுருள், வலது பக்கம் ஐந்து. நான்காம் வகுப்பில் முகம் கரடுமுரடு, யார் வெட்டினார்களோ. 1205-ல் ஜான் பழைய தேய்ந்த காசையெல்லாம் திரும்ப வாங்கிப் புதிதாக அடிக்கச் சொன்னபோது வந்தது ஐந்தாம் வகுப்பு. இதில் ஆரம்பக் காசுகளில் "எஸ்" எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கும். பிறகு சரியாகிவிடும். உங்களுடையதில் "எஸ்" சரியாக இருக்கிறது, கண் இரண்டும் உருண்டையான புள்ளி, முகம் திருத்தமாக இருக்கிறது. 5பி. ஐந்தாம் வகுப்பு "பி" செக்ஷன், பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதிரியே.

ஜான் காலத்துக் காசுதான். பிரான்ஸிலிருந்த நார்மண்டி ஜானின் கைவிட்டுப் போன மறு வருடம் தொடங்கிய வேலை. விற்றவர் எழுதிய சீட்டு சரி.

11 நவம்பர், பிற்பகல்

"யார் இந்த ஆன்ட்ரூ, ராஜா காசில் அவருக்கு என்ன வேலை?" என்று லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இந்த இழையில் உருப்படியான கேள்வி இதுதான். ராஜாவின் முகம் வெறும் முத்திரை. நான்கு ராஜாக்களுக்கும் ஒரே முகத்தைப் போட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறதே. காசில் உண்மையாக நிற்கிற ஆள் பின்பக்கத்து ஆள்தான்.

973-ஐ ஒட்டி எட்கர் ராஜா செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஊர் பெயரும் காசடித்தவர் பெயரும் பின்பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. காரணம் பெருமை இல்லை, பிடிப்பதற்கு. காசில் வெள்ளி குறைந்தால் யாரைத் தூக்கிவர வேண்டும் என்று காசிலேயே எழுதியிருக்கிறது.

தூக்கியும் வந்தார்கள். முதலாம் ஹென்றி காலம். சந்தையில் ஒரு பவுண்டு கொண்டுபோனவனால் பன்னிரண்டு பென்னிக்குக்கூடப் பொருள் வாங்க முடியவில்லை என்று ஆங்கிலோ சாக்ஸன் வரலாற்றுக் குறிப்பு புலம்புகிறது (ஒரு பவுண்டுக்கு 240 பென்னி). 1124 கிறிஸ்துமஸுக்கு நாட்டிலுள்ள காசடிப்பவர்களை எல்லாம் வின்செஸ்டருக்கு வரச்சொல்லி ஆணை. ராஜா அப்போது நார்மண்டியில் இருந்தார். சாலிஸ்பரி பிஷப் ரோஜர் காரியத்தை நடத்தினார். வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து வலது கையையும் விரைகளையும் வெட்டினார்கள். பண்டிகையின் பன்னிரண்டாம் நாள் முடிவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

அதே வின்செஸ்டர். எண்பது வருடம் கழித்து அங்கே உட்கார்ந்து காசடித்த ஆன்ட்ரூவுக்கு இந்தக் கதை தெரியாமலா இருந்திருக்கும்?

12 நவம்பர்

சேர்த்துச் சொல்ல மறந்தது. முதலாம் ஹென்றியின் பல காசுகளின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். காசு கெட்டுப்போயிருக்கிறது என்று ஒதுக்காதீர்கள். உள்ளேயும் வெள்ளிதான் என்று காட்ட, அடித்த இடத்திலேயே போட்ட வெட்டு. மக்கள் எப்படியும் கத்தி வைத்துச் சோதிக்கிறார்கள், நாமே வெட்டிக் கொடுத்துவிடுவோம் என்ற அளவுக்கு நம்பிக்கை போயிருக்கிறது.

14 நவம்பர்

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. இரண்டும் "இல்கர் ஆன் லுண்ட்". லண்டனில் இல்கர் அடித்தது. ஒன்று ஆறாம் வகுப்பு, ஜானின் கடைசி வருடங்களை ஒட்டியது. மற்றது ஏழாம் வகுப்பு, சிறுவன் ஹென்றியின் காலம். இடையில் மேக்னா கார்ட்டா, உள்நாட்டுப் போர், பிரெஞ்சு இளவரசன் லூயி லண்டனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது, ஜான் வயிற்றுப்போக்கில் செத்தது. இல்கர் பாட்டுக்கு இல்கர் வேலையைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிந்தையதில் முகம் இன்னும் எளிமை, கோடுகள் குறைவு. அச்சு வெட்டியவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.

விலையில் இந்த ஏழாம் வகுப்பு லண்டன், கேன்டர்பரிக் காசுகள்தான் நமக்கெல்லாம் கை எட்டுவது. ஏராளமாக அடித்தார்கள், ஏராளமாகக் கிடைக்கின்றன. நூறு பவுண்டுக்குள் படிக்கத் தெளிவாக ஒன்று வாங்கலாம்.

15 நவம்பர்

பின்பக்கத்தில் "நிக்கோல்" என்று இருக்கிறதே, காசடித்தது பெண்ணா என்று கேட்டவருக்கு: இல்லை, நிக்கோல் என்பது பெண் காசடிப்பாளர் இல்லை. "ஆன்" என்பதற்குப் பின்னால் வந்தால் அது லிங்கன் நகரம். அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரை அப்படித்தான் சொன்னார்கள். "ஆன்" என்பதற்கு முன்னால் வந்தால் நிக்கோலஸ் என்ற ஆண். குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.

18 நவம்பர்

பாதிக் காசு பற்றி. "உடைந்த காசை ஏன் விற்கிறார்கள், அதை ஏன் வாங்குகிறீர்கள்" என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார்.

உடைந்தது இல்லை, வெட்டியது. அந்தக் காலத்தில் சாதாரண மனிதனின் கையில் புழங்கிய ஒரே காசு பென்னி. ஷில்லிங், பவுண்டு எல்லாம் கணக்குப் புத்தகத்தில் மட்டும். பென்னி பெரிய தொகை, ஒரு ரொட்டியோ ஒரு குவளை பீரோ வாங்க அதை நீட்ட முடியாது. அதனால் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாகவோ நான்காகவோ வெட்டிப் புழங்கினார்கள். பின்பக்கச் சிலுவை இரட்டைக் கோடாக இருப்பது இதற்கு வசதி. நடுவில் உள்ள வாய்க்காலில் உளியை வைத்தால் நேராகப் போகும்.

என்னிடம் ஒரு கால் துண்டு இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வெட்டு முக்கால்வாசி தூரம் சுத்தமாகப் போய், கடைசியில் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது. உளி பாதியில் நின்று, கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடித்திருக்கிறார்கள். எழுத்தில் மிஞ்சியது மூன்றுதான், ஆளும் தெரியாது ஊரும் தெரியாது. ஆனால் முழுப் பென்னி பெட்டியில் கிடந்திருக்கலாம், இந்தத் துண்டு சந்தைக்குப் போய்வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். விலையும் முழுக் காசில் ஒரு பங்குதான்.

அதற்காக எல்லாரும் துண்டாக வாங்கிக் குவிக்காதீர்கள். முழுசாக ஒன்றைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் துண்டு பேச ஆரம்பிக்கும்.

22 நவம்பர்

முன்பு நான் இங்கே பலமுறை, ஓரம் நறுக்கப்பட்ட காசை வாங்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். காசு சேர்ப்பவர்களின் தராசில் அது குறைதான். ஆனால் ஓரத்தைச் சுரண்டியதுதான் அந்த நூற்றாண்டின் பெரிய கதை. அது இல்லாத சுத்தமான காசுகளாக மட்டும் அடுக்கி வைத்தால் கதையே விட்டுப்போகிறது.

குட்டைச் சிலுவை எழுத்து வளையத்துக்கு முன்பே முடிந்துவிடும். அதற்கு வெளியே கத்தரியால் கொஞ்சம் நறுக்கினால் யாருக்குத் தெரியும்? நூறு காசில் நறுக்கியதை உருக்கினால் கணிசமான வெள்ளி. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் எழுதுகிறார்: உள் வளையம் வரை நறுக்கிவிட்டார்கள், எழுத்தே மிஞ்சவில்லை. 1247-ல் பதில் வந்தது. சிலுவையை நீட்டிக் காசின் விளிம்பு வரை கொண்டுபோனார்கள். நான்கு முனையும் தெரியாத காசு செல்லாது. மூன்றாம் ஹென்றி முதன்முறையாகத் தன் பெயரோடு "மூன்றாவது" என்றும் போட்டுக்கொண்டார். ஆக, இதற்கு மேல் எந்த ஹென்றி என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். தம்பி ரிச்சர்ட், கார்ன்வால் பிரபு, இந்த மாற்றத்துக்குப் பணம் போட்டு லாபத்தில் பங்கு எடுத்தார்.

நறுக்குவது நின்றதா? இல்லை. என்னிடமுள்ள நீளச்சிலுவைக் காசு ஒன்றில் இரண்டு முனை இல்லை.

23 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன், அதை விட்டால் நியாயமில்லை. 1278 நவம்பரில் முதலாம் எட்வர்ட், காசை நறுக்கினார்கள் என்று சொல்லி இங்கிலாந்து முழுக்க யூதர்களைக் கைது செய்தார். அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் சிறையில். லண்டனில் மட்டும் அடுத்த வருடம் 260-க்கு மேற்பட்ட யூதர்களைத் தூக்கிலிட்டார்கள். அதே குற்றத்துக்குப் பிடிபட்ட கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். 1290-ல் மிஞ்சிய யூதர்கள் எல்லாரையும் நாட்டைவிட்டே துரத்தினார்கள். நறுக்கிய காசைக் கையில் வைத்துக்கொண்டு "அட, கத்தரித் தடம்!" என்று ரசிக்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும். நறுக்கியது யார் என்று காசு சொல்லாது. தண்டனை யாருக்குப் போனது என்பது மட்டும் தெரியும்.

29 நவம்பர்

ஜெர்மன் பேரரசர் சிறைவைத்த ரிச்சர்ட் ராஜாவின் மீட்புத்தொகை பற்றிக் கேட்டவருக்கு: பேசி முடித்தது 1,50,000 மார்க். ஒரு மார்க் என்பது 160 பென்னிக் கணக்கு, பெருக்கிக்கொள்ளுங்கள், 2 கோடியே 40 லட்சம் பென்னி. முழுவதும் கட்டவில்லை, பெரும்பகுதி போனது. 1194 தொடக்கத்தில் ஆளை விட்டார்கள். கோயில் பாத்திரம், வரி, கம்பளி எல்லாம் சேர்ந்து வெள்ளியாகப் போன வழியில் நம் குட்டைச் சிலுவைக் காசுகள் எவ்வளவு உருகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கும் இருநூறு வருடம் முன்பு எதெல்ரெட் ராஜா காலத்தில் டேனிய வைக்கிங்குகளுக்குக் கட்டத் தொடங்கிய கப்பம் இன்னும் மோசம். 991-ல் 10,000 பவுண்டில் தொடங்கி, எதெல்ரெட் இறந்த பிறகு 1018-ல் டேனிய ராஜா க்னூட்டுக்கு 72,000 பவுண்டும் லண்டன் தனியாக 10,500-உம் கட்டியதாக அதே ஆங்கிலோ சாக்ஸன் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. விளைவு: எதெல்ரெட் காசு இங்கிலாந்து மண்ணில் கிடைத்ததைவிட ஸ்வீடன் மண்ணில் கிடைத்தது அதிகம். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் ஏர் உழுதால் ஆங்கில வெள்ளி வந்தது. இந்தக் காசுகளில் பலவற்றில் கத்திமுனையால் குத்திய சின்னச் சின்னத் தடங்கள் இருக்கும், வைக்கிங்குகள் வெள்ளியைச் சோதித்தது. தடம் இருந்தால் காசு கப்பலேறிப் போய்வந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

4 டிசம்பர்

எட்வர்ட் காசு ஏன் இவ்வளவு மலிவு, நல்ல முகம் வேறு இருக்கிறதே என்ற கேள்வி. 1279-ல் புதுக் காசு வந்தது, தரமான வேலை, எண்ணிக்கையும் பெரியது. அரைப் பென்னி, கால் பென்னி வட்டமாகவே அடித்தார்கள், இனி உளி தேவையில்லை. நாலு பென்னி மதிப்புள்ள க்ரோட்டும் வந்தது. அப்போது எடுபடவில்லை, 1351-க்குப் பிறகுதான் ஓடியது.

எனக்கு இந்தக் காசுகளில் மனசு ஒட்டவில்லை. காரணம், பின்பக்கத்திலிருந்து ஆளை எடுத்துவிட்டார்கள். "லண்டன் நகரம்", அவ்வளவுதான். மார்சேயிலிருந்து வந்த வில்லியம் டி டர்ன்மைர் நாணயச்சாலைகளுக்கெல்லாம் தலைவர். இனி ஒவ்வொரு காசிலும் ஒவ்வொருவர் பெயர் எதற்கு? ஒரே ஒரு விதிவிலக்கு, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடம். அங்கே மட்டும் ராபர்ட் டி ஹாட்லே தன் பெயரைக் கொஞ்ச காலம் போட்டுக்கொண்டார். அந்தக் காசு கிடைத்தால் விடாதீர்கள்.

5 டிசம்பர்

நேற்று எழுதியது கொஞ்சம் ஒருபக்கமாகப் போய்விட்டது. டர்ஹாம் இருக்கிறதே. அங்கே பிஷப்புகளுக்குக் காசடிக்கும் உரிமை. ஆன்டனி பெக் தன் குடும்பச் சின்னமான நுனி பிளந்த சிலுவையை எழுத்துக்கு முன்னால் வைத்தார். பின்னால் வந்த கெல்லோ பின்பக்கச் சிலுவையின் ஒரு கையைப் பிஷப் கோலாக வளைத்துவிட்டார். போமான்ட் சிங்கம் வைத்தார். ஆள் போகவில்லை, ஒளிந்துகொண்டார். நூறு சாதாரண எட்வர்ட் காசுள்ள தட்டில் இந்த வளைந்த கையைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் தனி. விற்பவரும் சில சமயம் கவனித்திருக்க மாட்டார்.

எடை கேட்டிருந்தீர்கள். 1279-ல் பென்னி சுமார் 1.44 கிராம். 1351-ல் 1.17. 1412-ல் 0.97. 1464-ல் 0.78. வெள்ளியின் சுத்தம் மட்டும் ஆயிரத்துக்கு 925 என்று அப்படியே நின்றது. அதில் கைவைத்தவர் எட்டாம் ஹென்றி, அவர் நம் எல்லைக்கு வெளியே.

13 டிசம்பர்

வளைந்த காசு. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், எரிச்சலால்தான் எழுதுகிறேன்.

ஒரு கடையில் எட்வர்ட் பென்னி வாங்கினேன். பார்க்க நேராக, சுத்தமாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தபோது நடுவில் முடிமாதிரி ஒரு கோடு. மடங்கியிருந்த காசை யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், நிமிர்த்தினால் விரிசல் விடும். இதையும் பின்னால் பசைவைத்து ஒட்டியிருந்தது. கேட்டதற்கு "இப்படித்தான் வந்தது" என்றார்கள்.

பணம் போனதில்கூட இல்லை என் வருத்தம். அந்த மடிப்புதான் காசின் முக்கியமான சேதியாக இருந்திருக்கும். இங்கிலாந்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், ஒரு பென்னியை எடுத்து அவர் தலைக்கு மேலே பிடித்து ஒரு புனிதரின் பெயரைச் சொல்லி வளைப்பார்கள். வளைத்த காசு இனி அந்தப் புனிதருக்குரியது. பிழைத்து எழுந்தால் சமாதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நம் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்போமே, அதேதான். 1290-ல் ஸ்வான்ஸீயில் வில்லியம் க்ராக் என்பவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த ஊர்ப் பிரபுவின் மனைவி மேரி அவருக்காக மறைந்த ஹியர்ஃபர்ட் பிஷப் தாமஸ் கான்டிலூப்பை வேண்டிக்கொண்டார். பிணத்தை நூலால் அளந்து, காசு வளைத்தார்கள். ஆள் மெல்ல உயிர் பெற்று எழுந்துவிட்டார் என்று 1307-ல் போப்பின் விசாரணைக் குழுவிடம் சாட்சி சொன்னார்கள், அந்தச் சாட்சிகளில் க்ராக்கும் ஒருவர்.

வயலில் மடங்கிக் கிடைக்கிற காசெல்லாம் நேர்த்திக்கடன் இல்லை, ஏர் மடக்கியதும் உண்டு. நடுவில் கூர்மையாக, ஒரே மடிப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். எப்படியிருந்தாலும் நிமிர்த்தாதீர்கள். கருப்பைத் தேய்க்காதீர்கள். புளியும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம், விளக்குப் பாத்திரம் இல்லை அது.

14 டிசம்பர்

பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பச்சையாகப் பிசுபிசுக்கும். ஓக் மரப் பெட்டியும் ஆகாது, அதிலிருந்து வரும் அமில வாடை வெள்ளியைக் கெடுக்கும். மஹோகனி சரி.

6 ஜனவரி

புதையல் சட்டம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வார இறுதியில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடப்பவர். அவர் சொல்லித்தான் எனக்குப் பல விஷயம் தெரியும்.

இங்கிலாந்தில் 1996 சட்டப்படி, 300 வருடத்துக்கு மேல் பழைய வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் அது புதையல். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மியூசியம் வாங்க விரும்பினால் மதிப்புப் போட்டுக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் கொடுப்பார்கள். தனிக் காசு பொதுவாக இதில் வராது, ஆனால் கண்டுபிடிப்புப் பதிவேட்டில் பதிந்தால் நல்லது. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே எதுவாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

2019 ஜனவரியில் சாமர்செட் பக்கம் ச்சூ பள்ளத்தாக்கில் ஏழு பேர் கொண்ட குழுவுக்குக் கிடைத்தது 2,584 காசு. 1066 சண்டையில் செத்த ராஜா ஹரால்டின் காசும், ஜெயித்து ராஜாவான வில்லியமின் காசும் ஒரே குவியலில். 2024-ல் 43 லட்சம் பவுண்டுக்கு அந்த வட்டாரத்து மரபு அறக்கட்டளை வாங்கியது. எனக்கு அதில் பிடித்தது சில கலப்புக் காசுகள்: ஒரு பக்கம் ஹரால்ட், மறுபக்கம் வில்லியம். புது ராஜாவின் அச்சுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். காசடித்தவர் பழைய அச்சை ஒரு பக்கத்துக்கு வைத்துக்கொண்டு மிச்சம் பிடித்திருக்கிறார். நாடே தலைகீழாகப் புரண்ட நேரத்தில் அவர் பார்த்தது அச்சுக் கூலியை!

இந்தியாவிலிருந்து வாங்க நினைப்பவர்கள்: இங்கிலாந்து மண்ணில் எடுத்த பழம்பொருளை வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும். விற்பவரிடம் முதலிலேயே கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், சாதாரணத் தபாலில் போட்டுவிடுகிறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

11 ஜனவரி

கடைசியாக வந்த படம். "எட்வர்ட் காசு, ஆனால் கிரீடம் இல்லை, தலையில் பூ மாதிரி இருக்கிறது, போலியா?" என்கிறார்.

போலிதான், 700 வருடப் பழைய போலி. இன்றைய போலி என்றால் ஓரத்தில் வார்ப்புக் கோடு இருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், எழுத்தின் விளிம்பு சோப்புக் கட்டிபோல மழுங்கியிருக்கும். உங்களுடையது அச்சில் அடித்தது, எழுத்தோரம் கூர்மை. ஸ்டெர்லிங் என்ற ஆங்கிலப் பென்னிக்கு இருந்த மதிப்பைப் பார்த்து, இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய ஃபிளாண்டர்ஸ், ஹெய்னோ பக்கத்துப் பிரபுக்கள் அதே சிலுவை, அதே அளவில் கொஞ்சம் மட்டமான வெள்ளியில் அடித்து ஏற்றுமதி செய்தார்கள். தலையில் ரோஜாச் சரம் இருந்தால் க்ராக்கர்ட், வெறுந்தலையாக இருந்தால் பொலார்ட். 1299 கிறிஸ்துமஸில் இவற்றை அரைப் பென்னி மதிப்புக்கு இறக்கினார் எட்வர்ட், 1300 ஈஸ்டரில் செல்லாது என்றார். மக்கள் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் உருக்கித் தன் காசாக அடித்துக்கொண்டார். அதனால்தான் உருகாமல் தப்பியவற்றுக்கு இன்று எட்வர்ட் காசைவிடக் கூடுதல் விலை.

சுற்றி இருக்கும் எழுத்தைப் படியுங்கள், பிரபுக்கள் தங்கள் பெயரைத்தான் போட்டார்கள். "ஜி" என்று தொடங்கி "கோமெஸ்" (லத்தீனில் பிரபு) என்று வந்தால் ஃபிளாண்டர்ஸ் பிரபு கீ டி டாம்பியர். பின்பக்கத்தையும் அனுப்புங்கள், ஊர் பெயர் அங்கேதான் இருக்கும்.